ஆண் துணை இல்லாமலே முட்டை: சுங்கை சிப்புட்டில் ஒரு பெண் பச்சோந்தியின் நோய்

விலங்கும் வீடும்

பெண் யேமன் பச்சோந்தி. கடைகளில் வெயில்ட் கமீலியன் என்று சொல்லி விற்பார்கள். தலைமேல் எலும்பு கொண்டைபோல் உயர்ந்திருக்கும். விரல் நீளக் குஞ்சாக வாங்கியது, நோய் வந்தபோது ஏறத்தாழ 10 மாத வயது. கூண்டில் அது ஒன்றுதான். ஆண் பச்சோந்தியை அது கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இந்த விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் ஊரின் ஓரத்தில், தோட்டத்து லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டு வெளியே வந்த குடும்பங்கள் நிறைய இருக்கும் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில். பின்வேலிக்கு அப்பால் செம்பனை. அப்பா தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார், அம்மா பள்ளிக் கேண்டீனில் வேலை செய்கிறார், பையன் நான்காம் படிவம், கூடவே பாட்டி. பச்சோந்தி பையனுடையது.

நான் மருத்துவன் இல்லை. ஊர்வன வளர்ப்பவன், ஊரில் யார் வீட்டுப் பல்லியோ ஆமையோ சோர்ந்துபோனால் முதலில் என் வாட்ஸ்அப்புக்குத்தான் வீடியோ வரும். நோயைக் கண்டறிந்து சிகிச்சை தந்தவர் பக்கத்து நகரமான ஈப்போவில் ஊர்வனவற்றையும் பார்க்கும் ஒரு கால்நடை மருத்துவர். குடும்பத்தாரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன்.

முதலில் கண்ணில் பட்டது

பையன் அனுப்பிய வீடியோவில் பச்சோந்தி நண்பகலில் கண்ணை மூடிக்கொண்டு தாழ்ந்த கிளையில் உட்கார்ந்திருந்தது. "அண்ணே, கண்ணுக்கு மருந்து போட்டும் தொறக்க மாட்டேங்குது" என்று குரல் பதிவு. செல்லப்பிராணிக் கடை ஒன்றில் கண் நோய் என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். சில நாள் போட்டும் பலனில்லை.

பச்சோந்தி பகலில் கண்ணை மூடினால் அது கண் நோய் என்று நினைப்பது இயல்புதான். அந்தக் கோபுரக் கண்தான் அந்த விலங்கிலேயே நம் பார்வை முதலில் போகும் இடம். ஆனால் பகலில் மூடிய கண் பெரும்பாலும் உடம்பு முழுக்கத் தளர்ந்ததன் அறிகுறி. காட்டில் நோயைக் காட்டிக்கொண்ட பச்சோந்தியைப் பறவையோ பாம்போ தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் அது முடிந்தவரை மறைத்து மறைத்து, இனி முடியாது என்ற கட்டத்தில்தான் கண்ணை மூடுகிறது. நமக்கு முதல் நாளாகத் தெரிவது அதற்குப் பல வாரக் கதை.

சொட்டு மருந்தின் பெயரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஸ்டீராய்டு கலந்த சொட்டாக இருந்தால், கருவிழியில் புண் இருக்கும் விலங்குக்கு அது கெடுதல். நல்லவேளை, அது வெறும் ஆண்டிபயாட்டிக். இருந்தாலும் நிறுத்தச் சொன்னேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை பிடித்து அமுக்கிச் சொட்டு விடுவதே பச்சோந்திக்குப் பெரிய துன்பம்.

பின்னோக்கிக் கேட்டபோது

கண்ணை விட்டுவிட்டு, கடந்த ஒரு மாதம் அது என்ன செய்தது என்று கேட்டேன். கதை அங்கேதான் இருந்தது.

முதலில் வெறித்தனமாகத் தின்றிருக்கிறது. வயிறு இரண்டு பக்கமும் உருண்டது. கொழுத்துவிட்டது என்று வீட்டில் சந்தோஷம். பிறகு கரும்பச்சை உடம்பில் நீலமும் மஞ்சளுமாகப் புள்ளிகள். அழகாக இருக்கிறது என்று பையன் இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தான்; அந்தப் படத்தை நான் அப்போதே பார்த்திருந்தால் முட்டைக்கோலம் என்று சொல்லியிருப்பேன். அப்புறம் தீனியை நிறுத்தியது. கிளையை விட்டுத் தரைக்கு இறங்கி மூலை மூலையாக அலைந்தது, கூண்டின் அடித்தட்டைச் சுரண்டியது. தப்பிக்கப் பார்க்கிறது என்று நினைத்துக் கூண்டின் கதவுக்கு இன்னொரு கொக்கி போட்டார்கள். அதன் பிறகுதான் கண் மூடல்.

லயத்தில் காலமெல்லாம் கோழி வளர்த்த பாட்டி மட்டும் இதை வேறு மாதிரி படித்திருக்கிறார். "பெட்டக் கோழி எடம் தேடுற மாதிரியே தேடுது. முட்டைக்குத்தான்டா நிக்குது" என்று பேரனிடம் சொல்லியிருக்கிறார். "ஆணே இல்லாம எப்படி பாட்டி?" என்று அவன் சிரித்துவிட்டான். சேவல் இல்லாமல் கோழி முட்டை இடுவதில்லையா? யேமன் பச்சோந்தியும் அப்படித்தான். ஆறு மாதம் ஆனாலே உடம்பு தயாராகிவிடும். ஆண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முட்டை உருவாகும். ஆண் இல்லையென்றால் குஞ்சு பொரியாது, அவ்வளவுதான். அந்த முட்டைகளையும் மண் தோண்டிப் புதைத்தே ஆக வேண்டும். தோண்ட மண் இல்லாத கூண்டில் பல பெண் பச்சோந்திகள் முட்டையை உள்ளேயே அடக்கி வைத்துக்கொண்டு செத்துப்போகின்றன. விற்கும்போது இந்த ஒரு விஷயத்தைக் கடைக்காரர்கள் சொல்லிவிட்டால் பாதி உயிர்கள் பிழைக்கும்.

கூண்டைப் பார்த்தேன்

அன்று மாலையே போனேன். விலங்கைத் தொடுவதற்கு முன் கூண்டைப் பார்ப்பது என் வழக்கம்.

மேலே மட்டும் வலை போட்ட கண்ணாடித் தொட்டி. அலமாரி மேல், கூரைக்குப் பக்கத்தில். பிற்பகலில் உள்ளே 36 டிகிரி என்று அவர்களுடைய வெப்பமானியே காட்டியது. பக்கத்தில் அடுக்குக் கண்ணாடி சன்னல். காலை வெயில் அதன் வழியாகத் தொட்டியில் விழும். வெயில் படுகிறதே, அது போதாதா என்று அம்மா கேட்டார். போதாது. எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி3-ஐத் தோல் செய்ய யூவிபி என்ற புற ஊதாக் கதிர் தேவை. சாதாரண சன்னல் கண்ணாடி அந்தக் கதிரை ஏறக்குறைய முழுதாகத் தடுத்துவிடும். உள்ளே வருவது வெளிச்சமும் சூடும் மட்டும். தொட்டிமேல் எரிந்த குழல் விளக்கு மீன்தொட்டிச் செடிக்கானது. அதிலும் யூவிபி இல்லை. இரவில் ஒரு சிவப்பு சூட்டு பல்ப் வேறு. சுங்கை சிப்புட்டில் எதற்கு அது என்று எனக்குக் கோபமே வந்தது. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்பைப் பார்த்து நம் ஊர்க் கடைகள் சூட்டு பல்பை விற்றுத் தள்ளுகின்றன. யேமனின் மலைச்சரிவுகளில் பகல் வெயில் இருந்தாலும் இரவு குளிர்ந்துவிடும். அங்கிருந்து வந்த விலங்குக்கு நம் சமவெளியில் இரவுக் குளிர் கிடைப்பதே கஷ்டம்.

தண்ணீர் கிண்ணத்தில் இருந்தது. பச்சோந்திக்கு அசையாத தண்ணீர் பெரும்பாலும் தண்ணீராகவே தெரியாது. இலையில் வழியும் துளியைத்தான் நக்கும். தீனி சில்வண்டு மட்டும், தூண்டில் சாமான் கடையில் செங்கெரிக் என்று வாங்குவது. கால்சியம் தூள் தொட்டதில்லை. சில்வண்டில் கால்சியத்தைவிட பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். பச்சோந்திக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர், கால்சியம் இரண்டு பங்கென்றால் பாஸ்பரஸ் ஒரு பங்கு. இடையிடையே தோட்டத்துச் சாலை ஓரத்தில் பிடித்த வெட்டுக்கிளியும் போட்டிருக்கிறார்கள். களைக்கொல்லி அடிக்கும் இடம் அது. மறுநடவுக் கன்றுகளுக்குக் காண்டாமிருக வண்டுக்காக சைப்பர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி அடிப்பதும் உண்டு. அப்பாவுக்கு அது நன்றாகத் தெரியும். பையன் அங்கே பிடிக்கிறான் என்பதுதான் தெரியாது.

பிறகு விலங்கு. கண்கள் உள்ளே ஒடுங்கியிருந்தன, இமை வீங்கவில்லை. முன்கால் ஒன்று லேசாக வில்போல் வளைந்திருந்தது. கிளையைப் பிடிக்கும் பிடி தளர்வு. நல்ல பச்சோந்தியைக் கிளையிலிருந்து எடுப்பது சுலபமில்லை, இது தானாக வந்தது. தட்டில் கிடந்த எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய யூரேட் (சிறுநீர்க் கழிவு) பகுதி ஆரஞ்சாக இருந்தது, அதாவது நீர் வற்றியிருக்கிறது. வயிற்றுப் பக்கவாட்டில் சின்னச் சின்ன உருண்டைகள் தோலுக்கு அடியில் தெரிந்தன. வயிற்றை அமுக்கிப் பார்க்கவே கூடாது. உள்ளே முட்டை உடைந்து கரு சிந்தினால் அழற்சி வந்து பிழைப்பது அரிது.

முட்டைக்கு நிற்கும் பெண் தெம்பாக, கண் திறந்து, சுறுசுறுப்பாகத் தோண்டிக்கொண்டிருந்தால் மண்வாளி வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். தோண்டலை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டால் காத்திருக்கக் கூடாது. மருத்துவரைக் கூப்பிட்டு மறுநாள் காலைக்கு நேரம் வாங்கினோம். ஊரில் இருந்த மருத்துவரிடம் முதலில் கேட்டபோது, "நான் நாய் பூனைதான் பார்க்கிறேன், ஈப்போவுக்குக் கொண்டுபோங்கள்" என்றார். அந்த நேர்மைக்கு நன்றி. தெரியாமல் கை வைத்திருந்தால் நேரம் போயிருக்கும்.

அன்றிரவு செய்தது கொஞ்சம்தான். சிவப்பு பல்பை அணைத்தோம். ஒரு பிளாஸ்டிக் குவளையில் ஊசித் துளை போட்டுக் கூண்டின்மேல் வைத்து, இலைமேல் சொட்டச் சொட்ட விட்டோம். சற்று நேரத்தில் கண்ணைத் திறக்காமலே நக்கத் தொடங்கியது. தீனியை வாயில் திணிக்கவில்லை. நீர் வற்றிய உடம்புக்குள் தீனியைத் திணிப்பது அதற்கு இன்னொரு சுமை. காலையில் காற்றோட்டமுள்ள பெட்டியில் துணி விரித்து, பிடித்துக்கொள்ள ஒரு குச்சி வைத்து, காரின் குளிர்சாதனம் நேராக அடிக்காமல் கொண்டுபோனோம்.

மருத்துவர் பார்த்தது

எடை 118 கிராம். எக்ஸ்ரேயில் முட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. எண்ணினால் 34 வந்தது, ஒன்றிரண்டு மறைந்திருக்கலாம் என்றார். ஓடு உருவாகிக் குழாயில் நிற்கும் முட்டைகளா, சூலகத்திலேயே நின்றுபோன மஞ்சள்கருக்களா என்பது பெரிய வேறுபாடு. இரண்டாவதென்றால் மருந்து கொடுத்து வெளியே தள்ள முடியாது, அறுவை சிகிச்சைதான். இங்கே முதல் வகை. இடுப்பெலும்பில் அடைப்போ உருக்குலைந்த முட்டையோ தெரியவில்லை. ஆனால் கால் எலும்புகளின் ஓரம் மெலிந்து, படத்தில் மங்கலாகத் தெரிந்தது. எலும்பில் கால்சியம் இல்லை.

இரத்தம் எடுக்கவில்லை. முட்டை சுமக்கும் ஊர்வனவற்றில் மொத்தக் கால்சியம் இயல்பாகவே ஏறியிருக்கும், அந்த எண் நம்மை ஏமாற்றும் என்று விளக்கினார். இந்த அளவு தளர்ந்த சின்ன உடம்பில் இரத்தம் எடுப்பதும் சும்மா இல்லை.

கண்ணையும் பார்த்தார். வைட்டமின் ஏ குறைவென்றால் இமை வீங்கும், நாக்கு சரியாக நீளாது, உதட்டோரம் புண் வரலாம். தூசியோ இலைத்துணுக்கோ மாட்டியிருந்தால் பெரும்பாலும் ஒரு கண்தான் மூடும். தவறான யூவி விளக்கின் கதிரிலும் கண் எரியும், ஆனால் இங்கே யூவி விளக்கே இல்லை. நுரையீரல் தொற்றென்றால் தலையைத் தூக்கி வாயைத் திறந்து மூச்சு விடும், மூக்கோரம் நுரை தெரியும். காற்றே ஓடாத கண்ணாடித் தொட்டியில் அது வராமல் இருந்தது ஆச்சரியம்தான். எச்சத்தில் கொஞ்சம் புழு முட்டை இருந்தது. அதை உடம்பு தேறிய பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார்.

ஆக, கண் மூடியதற்குக் கண் காரணமில்லை. யூவிபி இல்லாததால் டி3 இல்லை. டி3 இல்லாததால் உண்ட கொஞ்சக் கால்சியமும் குடலில் உறிஞ்சப்படவில்லை. முட்டை ஓட்டுக்கு வேண்டியதை உடம்பு எலும்பிலிருந்து எடுத்தது. கடைசியில் முட்டைக்குழாய்த் தசை சுருங்கித் தள்ளுவதற்கும் கால்சியம்தான் வேண்டும், அது மிச்சமில்லை. இதற்கு மேல் தோண்ட மண்ணும் இல்லை, குடிக்கத் தண்ணீரும் இல்லை.

சிகிச்சை

முதலில் திரவமும் கால்சியமும் ஊசியாக. முட்டை தள்ளும் ஆக்ஸிடோசினை அன்றே போடவில்லை. கால்சியம் இல்லாத தசையை அடித்து ஓட்டுவதில் பயனில்லை. ஆமைகளில் நன்றாக வேலை செய்யும் அந்த மருந்து பல்லி இனங்களில் சில நேரம் கேட்கும், சில நேரம் கேட்காது. ஒன்றிரண்டு நாள் மண்வாளியோடு விட்டுப் பார்ப்போம், முடியவில்லையென்றால் ஆக்ஸிடோசின், அதுவும் முடியவில்லையென்றால் அறுவை என்று வரிசை சொன்னார்.

மண்வாளிதான் இந்தச் சிகிச்சையில் வீட்டாரின் பங்கு. பச்சோந்தி உடம்பு முழுதாக உள்ளே போய்த் திரும்பும் அளவுக்கு அகலம், மண் குறைந்தது 30 செ.மீ. ஆழம். கழுவிய ஆற்று மணலும் சாதாரண மண்ணும் கலந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும், தண்ணீர் சொட்டாது என்ற பதத்துக்கு ஈரம். விரலால் துளை போட்டால் இடியாமல் நிற்க வேண்டும். உரம் போட்ட மண் ஆகாது. செம்பனை ஓரத்து மண்ணும் வேண்டாம் என்று அப்பாவே சொல்லிவிட்டார், கடையில் மணல் வாங்கி வந்தார்.

மண்ணைவிடக் கஷ்டமானது தனிமை. தோண்டும்போது யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் குழியை விட்டு ஏறிவிடும். சின்ன வீடு, விஷயம் கேள்விப்பட்டுத் தெருப் பிள்ளைகள் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். கூண்டைப் பின்கட்டு அறைக்கு மாற்றி மூன்று பக்கமும் பழைய கைலியால் மூடினோம். பாட்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒருவரையும் விடவில்லை. பேரனைக்கூட.

மறுநாள் காலை தோண்டத் தொடங்கி மாலைவரை உள்ளே இருந்தது. குழியை மூடிவிட்டு ஏறியபோது வயிறு ஒட்டியிருந்தது, ஆனால் ஒரு பக்கம் இன்னும் கட்டி தெரிந்தது. தோண்டிப் பார்த்ததில் 29 முட்டை. மீண்டும் ஈப்போ. படத்தில் ஐந்து மிச்சம். கால்சியம் ஊசியும் அதன் பிறகு ஆக்ஸிடோசினும் போட்டதில் அங்கேயே மூன்று வந்தன, வீட்டில் இரவில் இரண்டு. எடை 79 கிராமுக்கு இறங்கியிருந்தது. எக்ஸ்ரே, ஊசி, பெட்ரோல் எல்லாம் சேர்ந்து பச்சோந்தி வாங்கிய விலையைத் தாண்டிவிட்டது. அப்பா கணக்குப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

கண், கடைசி முட்டை வந்த மறுநாள் திறந்தது. சொட்டு மருந்து ஒரு துளி இல்லாமல்.

கூண்டு மாறியது

கண்ணாடித் தொட்டி போய் நாலு பக்கமும் வலைக் கூண்டு வந்தது. அலமாரி மேலிருந்து இறக்கி, காற்று வரும் இடத்தில். டி5 என்ற மெல்லிய குழல் விளக்கு, 6 சதவீத யூவிபி வகை, அது உட்காரும் மேல்கிளைக்கு ஒரு சாண் மேலே. என்னிடம் உள்ள அளவுக் கருவியில் கிளைமேல் யூவி குறியீடு 3 அளவில் வரும்படி உயரத்தைச் சரிசெய்தோம். இந்தக் குழல் எரிந்துகொண்டே இருந்தாலும் யூவிபி நாளாவட்டத்தில் குறைந்துவிடும், வெளிச்சத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. வருடம் ஒரு முறை மாற்ற வேண்டும் என்று பையன் மாட்டிய தேதியை மார்க்கர் பேனாவால் குழலின் மேலேயே எழுதி வைத்திருக்கிறான்.

வெயில் காய்வதற்கான சூட்டு பல்பு காலையில் கொஞ்ச நேரம் மட்டும். பெண் பச்சோந்திக்கு அந்தப் பல்பின் கீழ்க் கிளையில் 28 டிகிரி இருந்தால் போதும், பிற்பகலில் வீடே அதைத் தாண்டிவிடுகிறது. இங்கே நாம் காசு செலவழிக்க வேண்டியது சூடாக்க இல்லை, குளிர வைக்க. காலை எட்டரை மணி வாக்கில் வலைக் கூண்டோடு வெளியே வைத்து இயற்கை வெயில் காட்டுகிறார்கள், பாதிக் கூண்டு எப்போதும் நிழலில். பாந்தர் என்ற இன்னொரு வகைப் பச்சோந்தியை வைத்து அமெரிக்காவில் செய்த சோதனைகளில், தீனியில் டி3 குறைவாகக் கிடைத்தவை தாமாகவே யூவியில் அதிக நேரம் நின்றன. வெயிலும் நிழலும் இரண்டும் கிடைத்தால் அது தன் அளவைத் தானே பார்த்துக்கொள்ளும். கண்ணாடித் தொட்டியை மட்டும் வெயிலில் வைத்துவிடாதீர்கள், சில நிமிடங்களில் வெந்துவிடும்.

டெங்கிப் புகை அடிக்க வருகிறார்கள் என்று தாமான் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் பச்சோந்தி அன்றைக்கு அத்தை வீட்டுக்குப் போகும். கொசுவர்த்தியும் அந்த அறையில் இல்லை.

தீனியில் முதல் சில வாரம் மருத்துவர் தந்த திரவக் கால்சியம், கூடுதல் பூச்சி. உடம்பு தேறியதும் குறைத்தோம். ஒருநாள் விட்டு ஒருநாள் நாலைந்து பூச்சி, ஒவ்வொரு தடவையும் டி3 இல்லாத கால்சியம் தூள் தூவி, டி3-யும் வைட்டமினும் கலந்தது மாதம் இரண்டு முறை. சில்வண்டுக்கும் கீரை, கேரட் போட்டு வளர்க்கிறான். குறைவாகத் தின்று கொஞ்சம் குளிர்ந்த இடத்தில் இருக்கும் பெண் குறைவாக முட்டையிடும். நன்றாகத் தின்கிறது என்று அள்ளிப் போட்டால் ஒரே ஈட்டில் 60, 70 கூட வரும், அத்தனைக்கும் கால்சியம் எலும்பிலிருந்துதான் போக வேண்டும். அம்மாவுக்கு இதை ஏற்கத்தான் நாளாயிற்று. பட்டினி போடுகிறோம் என்று சில நாள் என்னிடம் பேசவில்லை.

வாரம் ஒரு முறை சமையல் தராசில் ஒரு குச்சியோடு நிறுத்தி எடை எழுதுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் முன்பே எண் சொல்லிவிடும்.

காகிதம் பற்றி ஒன்று: இந்த இனம், காட்டு உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் உள்ளது. வாங்கும் முன் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் உரிமம் பற்றி விசாரித்து, கடைக்காரரிடம் தாள்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு

ஏறத்தாழ நாலு மாதம் கழித்து நீலப் புள்ளி மீண்டும் வந்தது. இந்த முறை புள்ளியைப் பார்த்ததுமே மண்வாளி உள்ளே போனது. 21 முட்டை, யாருடைய உதவியும் இல்லாமல். கரு இல்லாத முட்டைகள்தான் என்பதால் குழிதோண்டிப் புதைத்துவிட்டார்கள். எச்சத்தில் புழு முட்டைக்கு மருந்து கொடுத்து முடிந்தது. எடை 96 கிராம், பிடி பழையபடி இறுக்கம். முன்கால் வளைவு அப்படியேதான் இருக்கிறது, இனி நேராகாது; ஏறுவதற்குத் தடையில்லாமல் கிளைகளை நெருக்கமாகக் கட்டியிருக்கிறார்கள்.

மறுபடி முட்டை தங்கினால் சூலகத்தையும் குழாயையும் அறுவை செய்து எடுத்துவிடலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மெலிந்த எலும்போடு மயக்க மருந்து கொடுப்பதில் ஆபத்து கூடுதல், அதனால் இன்னும் சில மாதம் எலும்பு தேறட்டும், மறு எக்ஸ்ரே பார்த்து முடிவெடுப்போம் என்பது அவர் யோசனை. பையன் பள்ளி விடுமுறையில் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) சித்தப்பா கடைக்கு வேலைக்குப் போய் அதற்குப் பணம் சேர்க்கிறான்.